வரவும் செலவும் நிழலும்: விண்கலத்தின் மின்வலுவைக் கணினியில் கணித்தல்

(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த உரைக்குத் தலைப்புக் கேட்டபோது, "விண்கலங்களின் மின்வலுத் தொகுதிகளை மாதிரியமைக்கும் மென்பொருள்" என்று எழுதி அனுப்பினேன். விழாக் குழுவில் இருந்த ஓர் அக்கா உடனே தொலைபேசி எடுத்தார். "பிள்ளை, உமக்குத் தந்தது மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு உள்ள நேரம். சனம் நித்திரை கொண்டுவிடும்" என்றார். வரவு செலவுக் கணக்குப் பற்றித்தான் பேசப் போகிறேன், வீட்டுக் கணக்குப் பார்க்கிற எவரும் நித்திரை கொள்ளமாட்டார்கள் என்று சொல்லி அவரைச் சமாதானப்படுத்தினேன். அந்த வாக்கைக் காப்பாற்றப் பார்க்கிறேன்.

நான் இங்கிலாந்தில் சிறு செய்மதிகளுக்கான மின்வலுப் பிரிவில் வேலை செய்கிறேன். செய்மதி ஒன்று ஏவப்படுவதற்கு முன்னர் அதைக் கணினிக்குள் பறக்கவிட்டு, எந்த நிமிடத்தில் எவ்வளவு மின்சாரம் வரும், எவ்வளவு செலவாகும், பற்றரியில் எவ்வளவு மிஞ்சும் என்று பார்ப்பது என் தொழில். ஏன் கணினிக்குள் பார்க்க வேண்டும்? நிலத்தில் முழுமையாகச் சோதித்துப் பார்க்க வழியில்லை. சர்வதேச விண்வெளி நிலையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நிலையம் முழுவதும் பூமியில் ஒருமுறையேனும் ஒன்றாகப் பூட்டிப் பார்க்கப்படவில்லை. துண்டு துண்டாக மேலே போய், அங்கேதான் முதன்முதலில் ஒன்றுசேர்ந்தது. அடுத்த துண்டைப் பூட்டினால் மின்சாரம் போதுமா என்பதைப் பூட்டுவதற்கு முன்னரே சொல்லவேண்டியிருந்தது. அதைச் சொன்னது ஒரு செய்நிரல்.

அந்தச் செய்நிரலுக்கு வருமுன் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பூமியிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் ஒரு விண்கலம் 92 நிமிடத்தில் ஒரு சுற்றை முடிக்கிறது. அதில் ஏறக்குறைய 36 நிமிடம் பூமியின் நிழலுக்குள். மீதி 56 நிமிடம் வெயில். விண்கலத்தின் கருவிகளுக்கு எப்போதும் 100 வாற்று வேண்டும் என்று வைப்போம். நிழலில் இருக்கும்போது அதைப் பற்றரி கொடுக்கவேண்டும். 36 நிமிடத்துக்கு 100 வாற்று என்றால் 60 வாற்று-மணித்தியாலம். பற்றரிக்குள் போட்டதெல்லாம் திரும்பி வராது. போகும்போதும் வரும்போதும் வெப்பமாகக் கொஞ்சம் கழியும். ஐந்தில் ஒரு பங்கு கழிவதாகக் கொண்டால், 60 எடுக்க 75 போடவேண்டும். அந்த 75 ஐயும் 56 நிமிடத்துக்குள் போட்டு முடிக்கவேண்டும். அதற்கு 80 வாற்று. கருவிகளுக்கான 100 வாற்றும் அதே நேரம் வேண்டும். ஆக 180. கம்பிகளிலும் மாற்றிகளிலும் பத்தில் ஒரு பங்கு போகும். கூட்டிப் பார்த்தால், 100 வாற்றுச் செலவுக்கு 200 வாற்று வரவு வேண்டும்.

இதற்குக் கணினி வேண்டாம், கொப்பியின் கடைசித் தாள் போதும். சிக்கல் என்னவென்றால் இதில் நான் சொன்ன ஒவ்வோர் எண்ணும் மாறிக்கொண்டே இருக்கிறது. சூரியனுக்கும் சுற்றுப்பாதையின் தளத்துக்கும் இடையிலான கோணம் நாளுக்கு நாள் மாறுகிறது; அதனால் நிழலின் நீளம் மாறுகிறது. விண்வெளி நிலையத்துக்கு அந்தக் கோணம் 75 பாகை வரை போகும். அப்படிப்பட்ட நாட்களில் நிலையம் நிழலுக்குள் போவதே இல்லை. பூமி ஜனவரியில் சூரியனுக்குக் கிட்ட இருக்கிறது, ஜூலையில் தூர இருக்கிறது. வெயிலின் செறிவு அதற்கேற்பக் கூடிக் குறைகிறது. சூரியக் கலம் சூடேறினால் அதன் வோல்ற்றளவு குறையும். நிழலிலிருந்து வெளிவந்த முதல் நிமிடங்களில் அது குளிர்ந்து கிடப்பதால் வழமையைவிடக் கூடுதலாகத் தரும். கதிர்வீச்சினால் ஆண்டுக்கு ஆண்டு அதன் வலு தேயும். பற்றரியும் கிழப்படும். இவை எல்லாவற்றையும் ஒன்றாக, நிமிடத்துக்கு நிமிடம், ஆயிரக்கணக்கான சுற்றுகளுக்குக் கணக்கிட வேண்டுமானால் கொப்பித் தாள் காணாது.

அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் கிளீவ்லாந்து நகரில் நாசாவின் ஆய்வு நிலையம் ஒன்று உண்டு. முன்னர் லூயிஸ் என்று பெயர். 1999 முதல் கிளென் ஆய்வு நிலையம். விண்வெளி நிலையத்தின் மின்வலுவைக் கணிக்கும் செய்நிரல் அங்கேதான் எழுதப்பட்டது. அதன் பெயர் 'ஸ்பேஸ்'. நீண்ட ஓர் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து, விண்வெளி என்ற சொல்லே வரும்படி பார்த்துச் சூட்டியிருக்கிறார்கள். பொறியியலாளர்களுக்கு இப்படியான பெயர்களில் ஒரு பிரியம்.

அந்தச் செய்நிரலிடம் இரண்டு விதமாகக் கேட்கலாம். "இந்தச் சுற்றில் ஆகக்கூடுதலாக எவ்வளவு வலு தருவாய்? ஆனால் சுற்று முடியும்போது பற்றரி மறுபடி நிரம்பியிருக்க வேண்டும்" என்பது ஒன்று. "இன்றைக்கு இன்ன நேரத்தில் இன்ன கருவிகள் ஓடப்போகின்றன, தாங்குவாயா?" என்பது மற்றது. முதலாவது, சம்பளம் எவ்வளவு என்று கேட்பது. இரண்டாவது, கலியாணச் செலவுப் பட்டியலை நீட்டுவது.

நிலையத்தின் சூரியச் சிறகுகள் எட்டு. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 34 மீற்றர் நீளம், 12 மீற்றர் அகலம். எட்டிலும் சேர்த்து 2,62,400 சூரியக் கலங்கள். ஒரு சிறகில் 82 சரங்கள். ஒரு சரத்தில் 400 கலங்கள் தொடராகப் பூட்டப்பட்டிருக்கின்றன. தொடர்ச்சுற்று என்றதும் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு கேள்வி எழவேண்டும். தொடரில் ஒரு கலத்தின்மேல் நிழல் விழுந்தால் என்ன ஆகும்? மற்ற 399 உம் வெயிலில் நின்று மின்னோட்டத்தைத் தள்ளுகின்றன. நிழலில் நிற்கும் கலத்தால் அந்த ஓட்டத்தை உண்டாக்க முடியாது. அது மின்சாரம் தருவதை விட்டு, மற்றவை தரும் மின்சாரத்தைத் தின்று சூடேறத் தொடங்கும். எரிந்தும் போகலாம். அதற்காக ஒவ்வோர் எட்டுக் கலத்துக்கும் குறுக்கே ஓர் இருவாயியைப் பூட்டி மாற்றுவழி விட்டிருக்கிறார்கள். எட்டுக் கலத்தை இழந்தாலும் சரம் பிழைக்கும்.

நிழல் எங்கிருந்து வருகிறது? நிலையத்திலிருந்தேதான். ஒரு சிறகின் நிழல் அடுத்த சிறகில் விழும். வந்து பூட்டிய விண்கலத்தின் நிழல் விழும். வெப்பத்தை வெளியேற்றும் பெரிய தகடுகளின் நிழல் விழும். ஆகவே செய்நிரலுக்கு மின்சுற்று மட்டும் தெரிந்தால் போதாது. நிலையத்தின் முழு உருவமும், அது எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறது என்பதும் தெரியவேண்டும். ஒவ்வொரு சரத்திலும் எத்தனை கலம் வெயிலில் நிற்கிறது என்று எண்ணவேண்டும். இந்த நிழற்கணக்கு இன்னோர் ஆபத்துக்கும் உதவுகிறது. சிறகைத் தாங்கும் கம்பத்துக்கு நீளவாட்டில் நான்கு தண்டுகள். சில வெயிலிலும் சில நிழலிலும் நீண்ட நேரம் நின்றால், நிழலில் நிற்பவை சுருங்கி, கம்பமே நெளிந்து முறியலாம். மின்சாரம் தாராளமாக இருக்கும் நாளிலும் நிழல் கம்பத்தை முறிக்கக்கூடும் என்பதால், சிறகை எந்தக் கோணத்தில் நிறுத்தலாம் என்பதற்கு இன்றும் கட்டுப்பாடு உண்டு. மின்சாரம், வெப்பம், உருவம் மூன்றையும் வேறு வேறு அறைகளில் இருந்து கணக்குப் பார்த்தால் இது பிடிபடாது.

2000 ஆம் ஆண்டு டிசம்பரில் முதற் சோடிச் சிறகுகள் மேலே விரிக்கப்பட்டன. அதன் பிறகுதான் செய்நிரல் சொன்னதையும் நிலையம் அனுப்பிய அளவீடுகளையும் பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிட முடிந்தது. எங்கள் தொழிலில் இந்த ஒப்பிடுதலைப் பற்றி வெளியில் யாரும் பேசுவதில்லை, வர்ணப் படங்களையே காட்டுகிறார்கள். என்னைக் கேட்டால் உயிர்நாடி அங்கேதான் இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்காத மாதிரி வெறும் அபிப்பிராயம்.

ஏழு ஆண்டுகள் கழித்து அந்த ஒப்பீடுகள் கைகொடுத்தன. 2007 ஒக்டோபர் கடைசி வாரம் நிலையத்துக்கு இரண்டு இடிகள் அடுத்தடுத்து விழுந்தன. வலதுபக்கச் சிறகுகளைச் சூரியனை நோக்கித் திருப்பும் பெரிய சுழல்மூட்டு சில வாரங்களாக அதிர்ந்துகொண்டிருந்தது. விண்வெளியில் நடந்து போய் மூடியைத் திறந்து பார்த்த டானியேல் ரானி என்ற வீரர், உள்ளே உலோகத் தூள் படிந்திருப்பதைக் கண்டு, ஒட்டுநாடாவில் ஒற்றி எடுத்து வந்தார். மூட்டு தன்னைத்தானே அரைத்துக்கொண்டிருந்தது. அதைத் தொடர்ந்து சுழலவிட முடியாது என்று நிறுத்திவைத்தார்கள். இரண்டு நாளில் வேறொரு சிறகை விரிக்கும்போது அது கிழிந்தது. கிழிந்த சிறகைத் தைக்க ஸ்கொற் பராசின்ஸ்கி என்ற வைத்தியர்-விண்வெளி வீரர் நீண்ட கையொன்றின் நுனியில் போய் நின்றார். சூரியத் தகட்டுக்கு நிறுத்தும் ஆளி கிடையாது. வெயில் படும்வரை அதில் மின்சாரம் இருக்கும். நூறு வோல்ற்றுக்கு மேல் ஓடும் தகட்டில், உலோகம் படாமல் கருவிகளுக்கு நாடா சுற்றிக்கொண்டு, கம்பியால் செய்த பொத்தான்களை மாட்டிக் கிழிசலைப் பிடித்தார்.

தையல் வேலையை உலகம் பார்த்தது. சுழல்மூட்டின் பிரச்சினை மாதக்கணக்கில் இழுத்தது. அடுத்த ஆண்டு பெப்ரவரியில் ஐரோப்பாவின் கொலம்பஸ் ஆய்வுகூடம் வரவிருந்தது. மார்ச்சிலும் ஜூனிலும் ஜப்பானின் கிபோ. ஆண்டுக்கணக்காகக் காத்திருந்தவர்கள். வலதுபக்கச் சிறகுகள் சூரியனைப் பின்தொடராமல் நின்றால் இவற்றுக்கு மின்சாரம் எங்கிருந்து வரும்? எந்தக் கோணத்தில் அவற்றை நிறுத்திவைத்தால் எந்த மாதத்தில் எவ்வளவு கிடைக்கும், பற்றாத நாளில் எதை நிறுத்துவது என்று முன்கூட்டியே கணக்குப் பார்த்தால்தான் பதில் சொல்லலாம். இரண்டு ஆய்வுகூடங்களும் குறித்த ஆண்டிலேயே பூட்டப்பட்டன. 2008 நவம்பரில் வீரர்கள் மூட்டைத் துடைத்து, கிறீஸ் பூசி, தாங்கிகளை மாற்றினார்கள்.

எதை நிறுத்துவது என்ற கேள்வி இந்த மண்டபத்தில் இருப்பவர்களுக்குப் புதிதல்ல. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாமல் படித்த வகுப்புகள் இங்கே இருக்கின்றன. ஜாம் போத்தல் விளக்கில் எவ்வளவு மண்ணெண்ணெய் இருக்கிறது, இரவு எத்தனை மணிவரை அது காணும், முதலில் படிப்பது சோதனைக்கு நிற்கும் அக்காவா தம்பியா என்று வீட்டில் தீர்மானம் எடுத்தவர்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டவர்கள். 2022 இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டைக் கண்ட தங்கைமாருக்கும் இது விளங்கும். விண்கலத்திலும் அப்படி ஒரு பட்டியல் உண்டு. முதலில் அணைபவை ஆராய்ச்சிக் கருவிகள். கடைசிவரை வைத்திருப்பவை வானொலித் தொடர்பும் பற்றரியைச் சூடாக வைத்திருக்கும் சிறு அடுப்பும்.

கிளீவ்லாந்து நிலையத்தைப் பற்றிப் பேசும்போது இரண்டு பெண்களைச் சொல்லாமல் போகமுடியாது. ஆனி ஈஸ்லி என்ற கறுப்பினப் பெண் 1955 இல் ஒரு பத்திரிகைச் செய்தியைப் படித்தார்: இரட்டைச் சகோதரிகள் அந்த ஆய்வுகூடத்தில் 'கணிப்பாளர்'களாக வேலை செய்கிறார்கள் என்று. கணினி என்றால் அந்தக் காலத்தில் இயந்திரம் அல்ல. கையால் கணக்குப் போடும் ஆட்கள், பெரும்பாலும் பெண்கள். அடுத்த நாளே விண்ணப்பித்தார்; இரண்டு வாரத்தில் வேலை. இயந்திரக் கணினி வந்து அந்த வேலையை எடுத்துக்கொண்டபோது, அவர் அந்த இயந்திரத்துக்குச் செய்நிரல் எழுதக் கற்றார். சென்ரோர் றொக்கெற்றுக்கும், மாற்றுச் சக்தி முறைகளுக்கும், பற்றரி ஆய்வுகளுக்கும் அவருடைய செய்நிரல்கள் பயன்பட்டன. முழுநேரம் வேலை செய்துகொண்டே 1977 இல் கணிதப் பட்டம் பெற்றார். படிப்புச் செலவைத் தானே கட்டினார். மற்றவர் ஒல்கா கொன்சாலெஸ்-சனாப்ரியா, புவேர்ட்டோ ரிக்கோவில் பிறந்தவர், 1979 இல் அங்கு சேர்ந்தார். நீண்டகாலம் உழைக்கும் நிக்கல்-ஐதரசன் பற்றரிகளை உருவாக்கியவர்களில் முக்கியமானவர். நிலையத்தில் முதலில் இருந்தவை நிக்கல்-ஐதரசன் பற்றரிகளே. அவை ஆண்டுக்கு ஏறத்தாழ 5,700 முறை நிரம்பி இறங்கவேண்டும். அதனால் ஒவ்வொரு முறையும் கொள்ளளவில் 35 சதவீதத்துக்கு மேல் எடுக்காமல் வடிவமைத்தார்கள். 2017 முதல் 2021 வரை அவற்றை எடுத்துவிட்டு, 48 பெட்டிகள் இருந்த இடத்தில் 24 இலிதியம்-அயன் பெட்டிகளை வைத்தார்கள். பற்றரி மாறினால் செய்நிரலுக்குள் இருக்கும் பற்றரியும் மாறவேண்டும். புதியது எப்படிக் கிழப்படும் என்று மறுபடி முதலிலிருந்து படிக்கவேண்டும்.

கணக்குத் தப்பினால் என்ன நடக்கும் என்பதற்கும் ஓர் உதாரணம் சொல்கிறேன். 'மார்ஸ் குளோபல் சேர்வெயர்' என்ற நாசா விண்கலம் 1997 முதல் செவ்வாயைச் சுற்றியது. எதிர்பார்த்ததைவிடப் பல ஆண்டுகள் கூடுதலாக உழைத்தது. 2006 நவம்பர் 2 ஆம் திகதி சூரியத் தகட்டைச் சற்றுத் திருப்பும்படி வழமையான கட்டளை ஒன்று போனது. அதன்பின் அதனிடமிருந்து உருப்படியான சேதி வரவில்லை. அடுத்த ஆண்டு வெளியான விசாரணை முடிவு இது: ஐந்து மாதங்களுக்கு முன் அனுப்பிய கட்டளையொன்று நினைவகத்தில் பிழையான இடத்தில் எழுதப்பட்டிருந்தது. அதனால் தகடு போய் அதன் எல்லையில் முட்டியது. ஏதோ கோளாறு என்று விண்கலம் தன்னைத்தானே பாதுகாப்பு நிலைக்குத் திருப்பியது. திரும்பிய திசையில் அதன் பற்றரிகளில் ஒன்று நேரே வெயிலுக்கு முகம் காட்டியது. பற்றரி சூடேறியது. அளவுக்கு மிஞ்சி நிரம்பினாலும் பற்றரி சூடேறும். ஆகவே விண்கலத்தின் மின்வலுச் செய்நிரல் அந்தச் சூட்டைப் பார்த்து, பற்றரி நிரம்பிவிட்டது என்று எண்ணி, நிரப்புவதைக் குறைத்துக்கொண்டது. சூரிய வெளிச்சம் இருந்தும், தகடு இருந்தும், பசியோடு இருந்த பற்றரியைப் பார்த்து வயிறு நிரம்பிவிட்டது என்றது. ஏறத்தாழ பன்னிரண்டு மணித்தியாலத்தில் இரண்டு பற்றரிகளும் வெறுமையாகின. அன்ரெனாவும் பூமியை நோக்கி இருக்கவில்லை. உதவி கேட்கவும் வழியில்லை.

இதில் ஒவ்வொரு பகுதியும் தனக்குச் சொல்லப்பட்டதைச் சரியாகவே செய்தது. பாதுகாப்பு நிலை சரி. சூடேறினால் நிரப்புவதைக் குறை என்பதும் சரி. அந்தக் கோணத்தில் நின்றால் அந்தப் பற்றரிக்கு வெயில் படும், வெயில் பட்டால் இந்தச் செய்நிரல் இப்படி நினைக்கும் என்று மூன்றையும் ஒரே இடத்தில் ஓட்டிப் பார்ப்பதுதான் என் போன்றவர்களின் வேலை. புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் வாசிக்கக் கொடுப்பது இந்தக் கதையைத்தான்.

எங்கள் அன்றாட இழுபறி இதைவிடச் சின்னது. கமராக்காரர் ஒரு சுற்றில் இன்னும் பத்து நிமிடம் படம் பிடிக்க வேண்டும் என்பார். பற்றரிக்காரர் தன் எண்ணில் கைவசம் கொஞ்சம் ஒளித்துவைத்திருப்பார். தகட்டுக்காரரும் ஒளித்துவைத்திருப்பார். எல்லோரும் ஒளித்ததைக் கூட்டினால் செய்மதி பறக்கவே முடியாது என்று கணினி சொல்லும். உடனே ஒருவர், "அந்த இழப்பைக் கொஞ்சம் குறைத்துப் போட்டுப் பாருங்களேன்" என்பார். போட்டால் திரையில் பச்சை நிறம் வரும். விண்வெளியில் இழப்பு குறையாது. கைவசம் வைக்கும் மிச்சத்தை ஒரே இடத்தில், எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி வைக்கவேண்டும் என்பது என் பிடிவாதம். ஒவ்வொரு கூட்டத்திலும் இதற்காகச் சண்டை பிடிக்கிறேன். பாதிக்கு மேல் வென்றிருக்கிறேன்.

எங்கள் நாட்டுக்கும் இந்தக் கணக்கு வந்துவிட்டது. இராவணா-1 என்ற இலங்கையின் சிறு செய்மதியை, ஜப்பானின் கியூஷு தொழில்நுட்ப நிறுவனத்தில் படித்த இரண்டு இலங்கைப் பொறியியலாளர்கள் உருவாக்கினார்கள். ஒருவர் பெண். 2019 ஏப்ரலில் அது விண்வெளி நிலையத்துக்குப் போய், ஜூன் 17 ஆம் திகதி அங்கிருந்து வெளியே விடப்பட்டது. எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல். பக்கம் பத்து சென்ரிமீற்றர், கையில் பிடிக்கலாம். அந்தப் பருமனுள்ள செய்மதி ஒன்றுக்குச் சராசரியாகக் கிடைப்பது ஒன்றிரண்டு வாற்று. உங்கள் கைத்தொலைபேசி நிரப்பி தருவதைவிடக் குறைவு. அதற்குள் கணினி, வானொலி, கமரா எல்லாம் வாழவேண்டும். பெரிய நிலையத்தில் பத்து வாற்றுப் பிழை தெரியவே தெரியாது. இங்கே கால் வாற்றுத் தப்பினால் சில நாட்களில் செய்மதி ஊமையாகிவிடும். உலகெங்கும் மாணவர் செய்த செய்மதிகள் பல, மின்வலுக் குறையினாலேயே பேசாமல் போயிருக்கின்றன.

ஆகவே சங்கத்துக்கு ஒரு கோரிக்கை. நூற்றாண்டு நிதியில் கட்டடத்துக்கும் சுவருக்கும் பணம் ஒதுக்கியிருக்கிறீர்கள், சந்தோஷம். இங்கே உயர்தரத்தில் இணைந்த கணிதமும் பௌதிகவியலும் படிக்கும் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் ஒரு மணித்தியாலம் கணினிக்கூடத்தைத் திறந்துவிடுங்கள். விலை கொடுத்து மென்பொருள் வாங்கத் தேவையில்லை. நான் ஆரம்பத்தில் சொன்ன 92 நிமிடக் கணக்கைச் சாதாரண விரிதாளிலேயே நிமிடத்துக்கு ஒரு வரியாக எழுதலாம். பிறகு நிழலைச் சேர்க்கலாம், சூட்டைச் சேர்க்கலாம், பற்றரியைக் கிழமாக்கலாம். லண்டனில், ரொறன்ரோவில், மெல்பேர்ணில் இருக்கும் பொறியியல் படித்த பழைய மாணவிகள் இணையவழியில் முறை வைத்துச் சொல்லிக்கொடுக்கலாம். முதல் ஆறு மாதத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். பெயர்ப் பட்டியல் வாசலில் மேசையில் இருக்கிறது.

மேடைக்குப் பக்கத்தில் என் மடிக்கணினியில் அந்த விரிதாளைத் திறந்து வைத்திருக்கிறேன். மூன்றாவது நிரலில் 36 என்று நிழல் நிமிடம் இருக்கிறது. தேநீருக்குப் போகிற வழியில் யாராவது அதை 40 ஆக்கிப் பாருங்கள். பற்றரிக் கோடு எந்தச் சுற்றில் சிவப்பைத் தொடுகிறது என்று எனக்கு வந்து சொல்லுங்கள்.